ஸ்பெயின்காரர் பூட்டிய தேர்ச்சில்லு

எங்கள் கிங்ஸ்பரி வீட்டுக் குசினியில் சட்டிபானை வைக்க அலுமாரி செய்ய வந்த தச்சர் ஸ்பெயின்காரர். அவருக்கும் என்னளவு ஆங்கிலந்தான் தெரியும். அதனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாக விளங்கியது.

தேநீர் குடிக்கும்போது, தன் தொழிலுக்கு அவர்கள் பாஷையில் கார்பிந்தேரோ என்று பெயர் என்றார். சின்ன வயதில் பாதிரியாரிடம் லத்தீன் படித்தவராம். அந்தச் சொல் லத்தீனில் பிறந்ததாம். அப்போது அது அலுமாரி செய்கிறவனைக் குறிக்கவில்லை, வண்டி செய்கிறவனையே குறித்ததாம். ரோமாபுரிப் பெண்கள் திருவிழாவுக்கு ஏறிப்போன இரண்டு சில்லு வண்டி என்று கையால் வரைந்தும் காட்டினார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என்றாலும் கேட்டதை மறக்கிற ஆளில்லை.

அது இரண்டாயிரத்து ஒன்பது. எங்கள் அம்மன் கோயில் தேரின் நான்கு சில்லும் வெடித்துக் கிடந்தன. ஊரிலிருந்து தேர் செய்கிறவரை அழைக்க விசா கிடைக்கவில்லை. திருவிழாவுக்கு ஒன்பது நாள்தான். நேரே கோயில் செயலாளரிடம் போனேன்.

"தம்பி, ஆள் இருக்கு. பரம்பரைத் தேர்க்காரர்."

"ஆர் அக்கா?"

"என்ரை குசினிக்கு வாற ஸ்பெயின்காரர்."

"அவர் அலுமாரியெல்லோ செய்யிறவர்?"

"அது இப்ப. அவையின்ரை தொழிற்பேரே வண்டி செய்யிறவர் எண்டுதான். ரோமாபுரியிலை இருந்து வருது."

செயலாளர் திருவிழா நோட்டீசை எடுத்து நாளை எண்ணிப் பார்த்தார்.

"மச்சம் மாமிசம் சாப்பிடாமல் இருப்பாரோ?"

"இருப்பார். தேர் ஓடாட்டில் இந்த வாசலை நான் இனி மிதிக்க மாட்டன்."

ஸ்பெயின்காரர் தேரைக் கண்டதும் பயந்துபோனார். உங்கள் தொழிலின் பெயர் பொய்யா என்று கேட்டேன். உடனே நாடாவை எடுத்து அளந்தார். ஒன்பது நாளும் என் வீட்டுப் பருப்பும் கீரையும் சாப்பிட்டு, தனக்குத் தெரிந்ததைச் செய்தார்: எந்தப் பக்கமும் சுழலும் ட்ரொலிச் சில்லுகளைப் பெரிதாகச் செய்து பூட்டிவிட்டார்.

வடம் பிடித்ததும் தேர் வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. புறப்பட்டதும் திரும்பி, நண்டுபோலப் போகத் தொடங்கியது.

"அக்கா, அம்மன் பக்கவாட்டிலை போறா."

"ரோட்டைப் பாத்துக்கொண்டு போக அவ என்ன பஸ் டிரைவரே? சனத்தைப் பாக்கத்தானே வெளிக்கிட்டவ."

செயலாளர் இதைப் போய் ஐயரிடம் சொன்னார். ஐயரும் தலையாட்டினார். அம்மன் வீதி முழுதும் வீட்டு வாசல்களைப் பார்த்தபடியே சுற்றி, குறித்த நேரத்துக்கு இருப்பிடம் வந்து சேர்ந்தாள்.

தேர் ஓடிவிட்டது, என் வாக்கும் பொய்க்கவில்லை. ஆனால் வெற்றிலை பாக்கு வைத்த கோயில் மரியாதைக் காளாஞ்சியை முதலில் ஸ்பெயின்காரரிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்த என்னிடம் இரண்டாவதாகத்தான் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.