ராசம்மா முடிக்காத நாவல்

காமாட்சியிடம் மழையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அது அந்த நாவலில்தான் போய் முடியும். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பரா ஆயா அவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, ஹட்டன் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்த ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். தொலைந்துபோன மகனைத் தேடி ஒரு தாய் ஊர் ஊராக அலையும் கதை. "ஒருவாட்டி படிச்சுப் பாருங்களேன்" என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எல்லோர் கையிலும் போன் இருக்க, அட்டை கிழிந்த புத்தகத்தை யார் சீண்டுவார்கள்?

ராசம்மா சீண்டினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அவள் மகன் வினோஜன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன். போனும் வேலை செய்யாமல், கடைக்காரரும் கையை விரித்து, இரண்டு தீபாவளி கழிந்துவிட்டது. காமாட்சி இதை யோசித்தா கொடுத்தாள்? படிக்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்குக் கண்மண் தெரியவில்லை.

அதன்பிறகு ராசம்மா மலைக்கு ஏறும்போதெல்லாம் காம்பரா வாசலில் நின்று கேட்பாள்.

"அக்கா, அந்த மகன் கெடைச்சிருவானா?"

"படிச்சுத் தெரிஞ்சுக்க."

"ஆமான்னு மட்டும் சொல்லுங்கக்கா. தூக்கம் வரமாட்டேங்குது."

"முடிவச் சொன்னா கதை செத்துரும் புள்ள."

கதையில் மகன் கிடைப்பதில்லை. அது காமாட்சிக்கு மட்டுமே தெரியும்.

ஒருநாள் கொழுந்தெடுக்கையில் குளவிக் கூடு கலைந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். ராசம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

சவப்பெட்டிக்குள் புதுச் சேலை, வெற்றிலைப் பை என்று அவள் ஆசைப்பட்டதையெல்லாம் வைத்திருந்தார்கள். வழக்கம் அப்படி. தலைமாட்டில் அந்த நாவலும் இருந்தது. புருஷன் பொன்னையா வைத்தது. முடிவுக்குச் சில பக்கம் முன்னால் திருநீற்றுத் தாள் ஒன்று அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தது. காமாட்சி அதையே பார்த்தாள். இருந்தது ஒரே புத்தகம், படித்தது ஒரே ஆள். புத்தகத்தையாவது கேட்டு வாங்கிவிட வேண்டும் என்றுதான், சொன்னால் வெட்கம், முதலில் நினைத்தாள்.

பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். காமாட்சியும் குனிந்து, ராசம்மாவின் வீங்கிய காதருகே இழுத்து அழுதாள்.

"அந்த மகன் கெடைச்சிட்டான்டி ராசாத்தி... அம்மான்னு வாசல்ல வந்து நின்னான்டி..."

அந்த நாவலில் ஓர் எழுத்தை மாற்றிச் சொன்னாலும் சண்டைக்கு வருகிறவள் அவள்.

பொன்னையா அழுகையை நிறுத்தி நிமிர்ந்தான்.

"நெசமாவாக்கா? கதையில அந்தப் பய வந்துட்டானா?"

"வந்துட்டான் தம்பி."

"அவ கேட்டுக்கிட்டே கெடந்தாக்கா." கண்ணைத் துடைத்தான். "அப்ப பொஸ்தகத்த எடுத்துக்கங்க. அந்தக் கடைசிப் பக்கத்த எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

காமாட்சியின் கை புத்தகம்வரை போனது. எடுக்கவில்லை. தலையணைக்கடியில் தள்ளிவிட்டாள்.

"வேணாம் தம்பி. அவளே வச்சிருக்கட்டும்."

பெட்டியை மூடினார்கள்.