எட்டுக்கட்டைக்காரர்

கார்ட்டூன் படங்களுக்குப் பின்னணி வரைகிற அந்தக் கம்பெனியில் அவருக்கு எட்டுக்கட்டை என்று பெயர். பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பேனா வைத்து வரைகிற டேப்லெட்டின் இடது ஓரத்தில் எட்டு பட்டன்கள் இருக்கும். எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று நாமே வைத்துக்கொள்ளலாம். ஒன்று பிரஷ்ஷைப் பெரிதாக்கும், ஒன்று படத்தைத் திருப்பும், ஒன்று கடைசியாகப் போட்ட கோட்டை அழிக்கும். வலது கை வரைய, இடது கை குனிந்துகூடப் பார்க்காமல் ஆர்மோனியம் போல அவற்றை வாசிக்கும். பதினாறு வருஷ வாசிப்பு!

அந்த இடது கைதான் மரத்துப் போனது. கழுத்து நரம்பு. "இது மெல்ல வலது கைக்கும் போகும்" என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். மனுஷர் கொஞ்சம் மென்று முழுங்கிச் சொல்லியிருக்கலாம்.

ஒருநாள் அடுப்பிலிருந்த சுடுபாத்திரத்தை வெறும் இடது கையால் தூக்கி, சாவகாசமாக இறக்கி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி அலறிவிட்டாள்.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க."

"சொன்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். அப்புறம் இந்த அடுப்புல பூனைதான் தூங்கும். அதை விடு, வரையாம நான் என்னடி பண்ணுவேன்?"

அவள் வெந்துபோன அந்தக் கையை இழுத்துத் தண்ணீரில் வைத்தாள்.

விரல் எந்தப் பட்டனில் இருக்கிறது என்றே தெரியாமல் இரண்டு முறை முழுப் படத்தையும் கோட்டைவிட்ட பிறகு, அவர் ஒரு காரியம் செய்தார். எட்டு பட்டனுக்கும் ஒரே வேலையை வைத்தார்: கடைசிக் கோட்டை அழிப்பது. எங்கே இடித்தாலும் ஒரு கோடுதான் போகும். மற்றதையெல்லாம் பேனாவாலேயே தேடித் தேடிச் செய்தார். வேலை ஆமையாய் நகர்ந்தது. சாப்பாட்டு நேரத்தையும் அதற்கே கொடுத்தார். பத்து மாதம் யாருக்கும் மூச்சு விடவில்லை.

மாட்டிக்கொண்டது பட்டப்பகலில். படத்தின் இயக்குநர் வந்திருந்தார். அவருக்குக் காட்டுவதற்காக, வயதில் இளையவரான மேலாளர் இவர் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தைப் பெரிதாக்க ஒரு பட்டனை அழுத்தினார். வரைந்திருந்த ஜன்னல் கம்பி ஒன்று போயிற்று. வேறொன்றை அழுத்தினார். தெருவிளக்கின் கம்பம் போயிற்று. பதறி அடுத்தடுத்து அழுத்த, மரம், மாடிப்படி, சுவர் என்று காலையிலிருந்து போட்டதெல்லாம் கோடு கோடாகக் காணாமல் போயிற்று.

"என்னண்ணே, எட்டுக்கட்டையும் ஒரே சுருதில இருக்கு?" என்றார் மேலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மேலாளர் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு தீக்காயம் ஆறிய அந்த இடது கையை.

"எத்தனை நாளா?"

"பத்து மாசம்."

"வலது கை?"

"அதுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு."

மேலாளர் கெட்டவர் இல்லை. எழுந்து இடம் விட்டார், இயக்குநரை வெளியே அனுப்பிவிட்டு வந்து பேனாவை நீட்டினார். "ஒரே ஒரு வட்டம் போடுங்கண்ணே. போட்டா நான் யார்கிட்டயும் வாயே திறக்கமாட்டேன்."

உட்கார்ந்து போட்டார். வட்டம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராமல் விலகி ஓடியது. முழங்கையால் பட்டனை இடித்து அழித்தார். மறுபடி போட்டார், அதுவும் கோணியது. அழித்தார். ஆறு, ஏழு, எட்டு.

"போதும்ணே, விடுங்க" என்றார் மேலாளர்.

"இரு தம்பி, இதோ வந்துரும்" என்று அவர் ஒன்பதாவதையும் அழித்தார்.