ஆத்துப் பங்கு

“…மூட்டையோட சேத்துத் தூக்குனா தூக்குங்கண்ணே, நானா எந்திரிக்க மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என் மனைவி. எண்ணெய்க்காக வளர்க்கும் எங்கள் செம்பனைக் காட்டில், ஆற்றை ஒட்டிய கடைசி மர நிரையில், லோரி இறக்கிவிட்டுப் போன உர மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குச் சாய ஒரு மூட்டையை வேறு நிமிர்த்தி வைத்திருந்தாள். எதிரே எங்கள் சிறுதோட்டக்காரர் சங்கத் தலைவர். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, கையில் உரம் அள்ளிய மங்கு. அவருக்குப் பின்னால் உரம் போட வந்த இரண்டு பேர், ஆளுக்கொரு மங்கோடு. நடுவில் நான், எந்தப் பக்கம் நிற்பது என்று இன்னும் முடிவெடுக்காத ஆள்.

மங்கு என்பது வெள்ளைப் பூச்சும் நீல விளிம்பும் போட்ட இரும்புக் கிண்ணம். எங்கள் பக்கம் உரத்தை அதில்தான் அள்ளி மரத்தைச் சுற்றி வீசுவோம். உள்ளே இருக்கும் மரத்துக்கு ஒரு மங்கு. ஆற்றோர மரத்துக்கு இரண்டு. ஏன் என்று புதிதாக வருகிறவர் கேட்டால், “ஒன்னு மரத்துக்கு, ஒன்னு ஆத்துப் பங்கு” என்பார்கள். ஓரத்தில் போட்டதை மழை வழித்துக்கொண்டு ஆற்றில் சேர்த்துவிடும் அல்லவா, அதை முன்கூட்டியே கொடுத்துவிடுவதாம். சாமிக்கு எடுத்து வைக்கிற மாதிரி மரியாதையாகச் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கியது. அப்படிப் பொறுக்கியதில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது.

முன்பு துறைமுகப் பட்டணமான பாசிர் கூடாங்கில் உரம் மூட்டை கட்டும் இடத்தில் ஷிப்ட் வேலை பார்த்தேன். பக்கத்து மிஷினில் நின்றவர் சொல்வார்: “காத்துல சும்மா கெடந்தத புடிச்சு மூட்டை கட்டுறோம். என்னைக்காச்சும் அவுத்துக்கிட்டு ஓடும் பாரு.” அப்போது சிரித்தேன். அது எங்கள் வீட்டுக் குழாய்ப் பக்கமாகத்தான் ஓடியது என்பது சொந்த ஊரான சிம்பாங் ரெங்கம் திரும்பிய பிறகு தெரிந்தது.

இங்கே என் மனைவி காலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். தோசை, நாசி லெமாக், தே தாரிக். ஆற்றில் அமோனியா ஏறிவிட்டது என்று சுத்திகரிப்பு நிலையத்தை மூடினால், குழாயில் காற்றுதான் வரும். தோம்பில் பிடித்து வைத்த தண்ணீர் தட்டு கழுவக்கூடப் பத்தாது. கடையைச் சாத்திச் சாத்தித் திறந்ததில், வழக்கமாக வருகிறவர்கள் நெடுஞ்சாலைப் பக்கத்துக் கடைகளுக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். “இன்னும் ரெண்டு தடவ இப்படி ஆச்சுன்னா, சட்டிய கவுத்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்” என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் அல்ல அவள்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆற்றுக்கு இருபது வருடத் திட்டம். வந்த அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மாள், பொறுமைசாலி. கோழிப்பண்ணை, குப்பைமேடு, தோட்டத்து உரம் எல்லாமாகச் சேர்ந்து ஆற்றில் நைட்ரஜன், அதாவது நாங்கள் காற்றிலிருந்து பிடித்து மூட்டை கட்டிய அதே சரக்கு, கூடுகிறது என்றார். நம்முடைய ஆறு மட்டுமல்ல, உலகம் முழுக்க இதே கதைதான், கடலில் மீன்கள் மூச்சு முட்டிச் சாகிற இடங்கள்வரை வந்துவிட்டது, பல நாடுகளும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன என்றார். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: ஆற்றோர நிரையில் உரம் போடாமல், புல்லும் புதரும் வளர விடுங்கள்.

சுவரில் ஒட்டியிருந்த தமிழ்த் தாளில் “தழைச்சத்து மாசு” என்று இருந்தது. புத்தகத் தமிழில் நைட்ரஜனுக்கு அதுதான் பெயர், தப்பில்லை. ஆனால் சத்து என்றால் எங்களுக்குச் சத்துமாவும் சத்து மாத்திரையும்தான்.

“ஆத்துக்குச் சத்து கூடிப்போச்சா? அப்ப பம்ப் வெச்சு எறச்சு மரத்துக்கு ஊத்துவோம்லா” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“ஆத்த ஜிம்முக்கு அனுப்புங்க” என்றார் இன்னொருவர்.

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தலைவர் எழுந்தார். “ஆத்துக்கு மேல்பக்கம் கம்பெனியோட பெரிய தோட்டத்துல லோரி லோரியா கொட்டுறாங்க. அவங்கள விட்டுட்டு நாங்க போடுற மங்குதான் கண்ண உறுத்துதா? மொதல்ல அவங்க நிறுத்தட்டும்.” கைதட்டல். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

என் மனைவி தட்டவில்லை. திரும்பி வரும்போது மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தபடி என் காதருகில் கேட்டாள்: “என்னங்க, ஆத்துப் பங்கு, ஆத்துப் பங்குன்னு இத்தன வருஷமா சொல்றீங்களே. எனக்குப் பங்கு குடுன்னு அந்த ஆறு எப்பங்க கேட்டுச்சு?”



எங்கள் சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து, காடு காடாகப் போய் உரம் போடுவது வழக்கம். எங்கள் காட்டுக்கு முறை வந்த அன்றும் குழாயில் தண்ணீர் இல்லை. கடையைச் சாத்திவிட்டு, மாவு ஒட்டிய ஏப்ரனோடு நேராக நடந்து வந்து மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“தங்கச்சி, ஒம் மரம் மஞ்சளடிச்சா அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது” என்றார் தலைவர்.

“அடிக்கட்டும்ணே. என் அடுப்பு அணைஞ்சு கெடக்கே, அத யார்கிட்ட கேக்குறது?”

“ஒரு மங்குல ஆறு கெட்டுருமா?”

“ஒரு மங்க நிறுத்துனா ஆறு நல்லாயிரும்னு நானும் சொல்லல. உலகத்துக்கே பிளான் போட எவ்வளவோ பேரு உக்காந்திருக்காங்களாம். இந்த நிரைக்கு யாரு வந்து உக்காருவா? நான்தான் உக்காரணும்.”

உரம் போட வந்தவர்களில் ஒருவர் நிழலில் ஒதுங்கினார். “அப்ப டீயாச்சும் போடுங்கக்கா.”

“தண்ணி இல்லப்பா. ஆத்துப் பங்குக்குப் போயிருச்சு.”

அவர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “மாப்ள, நீயாச்சும் சொல்லுலா.”

நான் அந்த ஆற்றைப் பார்த்தேன். கரையோரம் பச்சைப் பாசி, கஞ்சி ஆறினாற்போல் ஆடை கட்டி நின்றது. “காடு எங்க ரெண்டு பேரு பேர்லயும் இருக்கு மச்சான்” என்றேன். “எனக்கும் வேணாம்.” சொல்லிவிட்டு அவள் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன்.

தலைவருக்கு முகம் சிவந்தது. “அவ்வளவு தைரியம்னா பெரிய தோட்டத்து ஆபீசுல போயி இப்படி உக்காரு பாப்போம். அங்க மேனேஜர்கிட்டச் சொல்லு, ஆத்துப் பங்கு போடாதன்னு. நம்ம ஆளுங்ககிட்டதான் ஒனக்கு வாய்.”

அவள் ஏப்ரனில் இருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

“அங்கயும் கேக்கத்தான் போறேன். நாங்க மங்க கவுத்துட்டோம், நீங்க எப்ப கவுக்கப் போறீங்கன்னு கேக்கணும். அதுக்கு மொதல்ல நாம கவுத்திருக்கணும்லா.”

எழுந்தாள். “நீங்க எந்திரிச்சிராதீங்க” என்று என்னிடம் சொன்னாள். தலைவர் கையிலிருந்த மங்கை வாங்கி, அதிலிருந்த உரத்தை ஒரு மணி சிந்தாமல் மூட்டைக்குள் திருப்பிக் கொட்டினாள். மற்ற இரண்டு மங்குகளையும் சேர்த்து மோட்டாரின் முன்கூடையில் கவிழ்த்து வைத்தாள். என் சட்டைப் பையில் இருந்த சாவியை எடுத்து, வண்டியை உதைத்துக் கிளப்பி, பெரிய தோட்டத்துப் பாதையில் திருப்பினாள்.