அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள்

என் எழுத்து கோணல் மாணலாக இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கேபிள் ரசீதில் பெயர் எழுதத்தான். படிக்கிறவர்கள் மன்னித்து, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கேபிள் லைன், நெட் லைன் வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. கம்பம் ஏறும் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். மேலே நிற்கிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

1. அட்டாலியில் இருந்த பெட்டி

நெருப்பெரிச்சல் ஊர்ப் பக்கம் ஒரு கேபிள் டிவிக்காரரிடம் பல வருடம் லைன்மேனாக இருந்தேன். 2006 வாக்கில் முதலாளி டிவியோடு சேர்த்து வீடுகளுக்கு பிராட்பேண்டும் கொடுக்கத் தொடங்கினார். கம்பத்துக்குக் கம்பம் நீல ஒயர் இழுத்தேன். இந்த ஒயரில் ஒரு சங்கடம் உண்டு. கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் செத்துவிடும். அதனால் நடுவில் ஒரு சுவிட்ச் பெட்டி வைத்து, அதிலிருந்து மறுபடி இழுக்க வேண்டும். பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். கம்பத்தில் ஏது கரண்ட்?

முதலாளி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வீதி நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டில் பெட்டியை வைப்பது. கரண்ட் அவர்களுடையது. பதிலுக்கு அவர்களுக்கு டிவி கேபிள் இலவசம். எங்கள் வீதியில் அந்த வீடு ராமசாமி அண்ணனுடையது. குழந்தைகள் கை வைக்காமல் இருக்க, பெட்டியை அவர் வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், பழைய அண்டாக்களுக்கு நடுவில் வைத்தேன். வீதி முழுக்க, முக்குக் கடை பிரவுசிங் சென்டர் வரைக்கும், நெட் அந்த அட்டாலி வழியாகத்தான் போனது.

"முதலாளி, அவங்கூட்ல கரண்டு போச்சுன்னா அம்புட்டும் படுத்துருமுங்க. ஒரு பேட்டரி வெச்சுரலாம். கைவசம் வேற ஒரு பெட்டியும் வேணுமுங்க" என்றேன்.

"வெச்சுக்கலாம் வேலு, வெச்சுக்கலாம். மொதல்ல கனெக்சன் ஏறட்டும்" என்றார்.

கனெக்சன் ஏறியது. பேட்டரி வரவில்லை.

2. ஜெபராஜ் லைன் மாறியது

ஜெபராஜ் அதே வீதியில் குடியிருந்த தெற்கத்திக்காரர். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவர். வெளிநாட்டுக் கம்பெனிகளோடு மெயிலில் பேசி ஆர்டரை நடத்திக்கொடுப்பது அந்த வேலை. அதை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, சொந்தமாக முதல் ஆர்டர் பிடித்திருந்தார். குழந்தைகள் பனியன், ஒரே நிறம், மஞ்சள். நிட்டிங், டையிங், தையல் எல்லாம் வெளியே ஜாப் வொர்க். மனைவி ஸ்டெல்லாவின் நகை அதில் போயிருந்தது. இது சரியாக முடிந்தால் அதே வெளிநாட்டுக் கம்பெனி அடுத்த சீசனுக்கும் தருவதாகச் சொல்லியிருந்தது.

அவரிடம் அப்போது இருந்தது போன் லைனில் வரும் பிராட்பேண்ட். டிசைன் படங்கள் பெரிது பெரிதாக வரும். மாதம் இவ்வளவுதான் என்று அதில் ஒரு அளவு உண்டு. தாண்டினால் பில் எகிறும். எங்களுடையது அளவில்லை, விலையும் பாதிக்கும் கீழே. முதலாளியே நேரில் வந்து பேசினார். ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

"சார், நீங்க ஒரு போன் போட்டாப் போதுமுங்க. பையன் அரை மணி நேரத்துல உங்கூட்டு வாசல்ல நிப்பானுங்க."

பையன் என்றது என்னை. எனக்கு அப்போதே தலை பாதி நரைத்திருந்தது.

முதலாளி போன பிறகு ஜெபராஜ் என்னிடம் கேட்டார். "என்ன அண்ணாச்சி, லைன் நல்லா இருக்குமா?"

"இருக்குமுங்க. பழைய லைனையும் ஒரு ரெண்டு மாசம் வெச்சுக்குங்க சார்."

"ரெண்டுக்கும் துட்டு குடுத்தா மாறுததுல என்ன லாபம்? விடுங்க அண்ணாச்சி, அந்த போன் ஆபீஸ்ல போன் எடுக்குதவன் மாடு முட்டுத மாதிரில்லா பேசுதான். 'கேபிள் ஃபால்ட்டு, ரெண்டு நாள் ஆவும், வை போனை'ங்கான். உங்க மொதலாளியப் பாருங்க, 'ங்க' போடாம ஒரு வார்த்தை வரமாட்டேங்கு. மரியாதைன்னா இந்த ஊருதான்."

ஸ்டெல்லா உள்ளேயிருந்து, "மரியாதையக் கம்ப்யூட்டர்ல சொருவுனா மெயில் வருமாக்கும்?" என்றார். ஜெபராஜ் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாளே பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் போல லைன் நன்றாகவே ஓடியது. இதையும் சொல்லத்தான் வேண்டும். நடுவில் நிற்கும், போவேன், சரிசெய்வேன். அவர் ஒரு முறைகூட என்னிடம் சத்தம் போட்டதில்லை. நான் போனால் டீ வரும்.

3. தேர் நாள்

அவிநாசித் தேர் அன்று காலையில் வீதி முழுக்க நெட் நின்றுவிட்டது. ராமசாமி அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. குடும்பத்தோடு தேருக்குப் போய்விட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஊருக்குப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுத்தான் போவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகப் போகும். அவர்களும் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பெட்டி உள்ளே அட்டாலியில்.

வேறு பெட்டி இருந்தால் பக்கத்து வீட்டில் வைத்து லைனைத் திருப்பியிருப்பேன். இல்லை. பெட்டி இல்லாமல் நேராக இழுக்கலாம் என்றால் ஜெபராஜ் வீடு வரைக்கும் சிக்னல் போகாது. முதலாளிக்கு போன் செய்தேன்.

"அவங்க மாமனார் ஊடு அவிநாசிதான். போய்ச் சாவிய வாங்கிட்டு வா" என்றார்.

"பொழுதாயிருமுங்க முதலாளி. கூட்டத்துல ஆளக் கண்டுபுடிக்கோணும். ஜெபராஜ் சாரு இன்னிக்கு ஒரு மெயிலுக்குக் காத்துட்டிருக்காருங்க. இன்னிக்கு லைன் வராதுன்னு அவருகிட்டச் சொல்லிருங்க. டவுனுக்குப் போயாச்சும் பாத்துக்குவாரு."

"நாஞ் சொல்றேன், நீ கெளம்பு."

அந்த மெயில் என்ன என்று எனக்குத் தெரியும். மொத்தத் துணிக்கும் சாயம் ஏற்றும் முன், சின்னத் துண்டுகளில் மூன்று விதமாக நிறம் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். லேப் டிப் என்று பெயர். எந்தத் துண்டு என்று அவர்கள் மெயிலில் சொன்ன பிறகுதான் துணி மிஷினில் இறங்கும். டையிங்காரர் அன்று பொழுது சாயும் வரைக்கும்தான் ஜெபராஜுக்காக மிஷினைக் காலியாக வைத்திருந்தார். விட்டால் ஒரு பெரிய கம்பெனி லோடு ஏறிவிடும். பிறகு கப்பலுக்குச் சேராது. முந்தின நாள் டீ குடிக்கும்போது அவரே இதைச் சொல்லியிருந்தார்.

மொபெட்டில் அவிநாசிக்குப் போனேன். தேர்வீதி முழுக்கத் தலைகள். முகம் தெரியாதவர்களை நிறுத்தி விசாரிப்பது எனக்குப் பெரிய தண்டனை. அன்று பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டிருப்பேன். கடைசியில் மாமனார் வீட்டைக் கண்டுபிடித்தேன். ராமசாமி அண்ணன் வடம் பிடிக்கப் போயிருந்தார். அவர் மனைவி பாவாத்தா அக்கா பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, மெயின எறக்காம எவுரு ஊட்டப் பூட்டுவாங்க? தீப் புடிச்சா உங்க மொதலாளியா வருவாரு?"

"தப்புன்னு சொல்லலீங்கக்கா. சாவி மட்டும் குடுத்தீங்கன்னா..."

"ஆளில்லாத ஊட்டுச் சாவிய நான் எப்படிங்க தம்பி குடுக்கறது? அவரு வந்துருவாரு. வந்தவங்க சாப்புடாமப் போனா நல்லாவா இருக்கும், உக்காருங்க."

அக்கா சொன்னதில் குறை இல்லை. அவர் வீடு, அவர் சாவி. இலை போட்டுவிட்டார். மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. பிறகு கூட்டத்துக்குள் புகுந்து வடத்தை ஒட்டியே நடந்தேன். ராமசாமி அண்ணனைப் பார்த்தபோது அவர் சட்டையில்லாமல், வேர்த்து வழிய, எங்கோ முன்னால் இழுத்துக்கொண்டு போனார். கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தேர் அன்றைக்கு நின்ற பிறகுதான் அவரைக் கையைப் பிடித்து நிறுத்த முடிந்தது.

"அட, நம்ம வேலு! தேருக்கு வந்தியா கண்ணு?" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும், பாவம், ஈர வேட்டியோடே மொபெட்டில் ஏறிக்கொண்டார்.

4. மஞ்சள்

நாங்கள் வந்து மெயினைப் போட்டபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அட்டாலியில் பச்சை விளக்கு மினுக்கியது. நேராக ஜெபராஜ் வீட்டுக்குப் போனேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மெயில் வந்திருந்தது. காலையிலேயே வந்தது.

நடந்ததை ஸ்டெல்லா சொன்னார். காலையிலிருந்து முதலாளிக்கு ஜெபராஜ் போன் செய்துகொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில். 'அரை மணி நேரமுங்க சார். பையன் லைன்லயே நிக்கறானுங்க.' அரை மணி நேரம்தானே என்று இவர் காத்திருந்தார். முக்குக் கடை பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தார். அதுவும் எங்கள் லைன். டவுனுக்குப் போகலாம் என்று மூன்று தடவை பைக்கை எடுத்திருக்கிறார். மூன்று தடவையும் போகும் முன் முதலாளியைக் கேட்டிருக்கிறார். 'இந்தா வந்துருச்சுங்க சார், எதுக்குங்க வெயில்ல அலையறீங்க?' என்று அன்பாகச் சொல்லி முதலாளி நிறுத்தியிருக்கிறார். வெளிநாட்டுக்கு போன் போட்டுக் கேட்கவும் கூச்சம். முதல் ஆர்டரிலேயே எங்களிடம் நெட் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பொழுது சாயும் நேரத்தில் டையிங்காரர் கூப்பிட்டார். "சார், மிஷினு சும்மா நிக்குது. ஏத்தறதா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

இத்தனை வருட அனுபவத்தில், கடைக்காரர்கள் பளிச்சென்று இருப்பதைத்தான் கேட்பார்கள் என்று நினைத்து, ஜெபராஜ் இருப்பதிலேயே அடர்ந்த மஞ்சளைச் சொல்லிவிட்டார். நான் வரும் முன்பே துணி மிஷினில் இறங்கிவிட்டது. மெயிலில் கேட்டிருந்தது இருப்பதிலேயே இளம் மஞ்சள். வெளுத்ததை அடர்த்தியாக்கலாம். அடர்ந்ததை வெளுக்கப் போனால் துணி நைந்துவிடும்.

ஜெபராஜ் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க காலையில எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

"அவிநாசிலீங்க."

"லைன்ல நிக்கீங்கன்னுல்லா சொன்னாரு."

அவர் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று டீ வரவில்லை.

5. ஒயரைச் சுருட்டி வந்தது

அந்தத் துணி போகவில்லை. புதிதாகச் சாயம் போட்டு அனுப்பக் கையில் காசும் இல்லை, நாளும் இல்லை. ஆர்டரை வெளிநாட்டுக் கம்பெனி ரத்து செய்துவிட்டது. அடுத்த சீசன் பேச்சே எழவில்லை. ஜெபராஜ் பழைய கம்பெனிக்கே வேலைக்குப் போனார். அங்கே அவருக்குக் கீழே இருந்தவர் இப்போது அவருக்கு மேலே.

கனெக்சன் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதும், ஒயரையும் விடாமல் சுருட்டி வா என்று முதலாளி என்னை அனுப்பினார். போனேன். முன்னறையில் கம்ப்யூட்டர் இல்லை. சுவர் ஓரம் மஞ்சள் ரோல்கள் அடுக்கியிருந்தன. ஜன்னலுக்கு மஞ்சளில் திரை, தலையணைக்கு மஞ்சளில் உறை. ஸ்டெல்லா ஒரு மஞ்சள் துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் சட்டத்தில் நான் அடித்த ஆணிகளைப் பிடுங்கினேன். அப்போது அவர் சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்ல. லைன் போவத்தான் செய்யும். எந்த லைன்தான் போவல? ஆனா அந்த போன் ஆபீஸ்காரன் 'ரெண்டு நாள் ஆவும், வை போனை'ன்னு குலைப்பாம்லா. அந்தக் குலைப்புக்குத்தான் மாசாமாசம் கூடத் துட்டு குடுத்துட்டு இருந்தோம்னு அப்பத் தெரியல. அன்னைக்கு ஒரு ஆளு அப்படிக் குலைச்சிருந்தா இவுக டவுனுக்குப் போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்திருப்பாக."

ஒயரைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி முதலில் கேட்டது, "அவங்க ஒண்ணும் சொல்லலீல்ல?" என்றுதான்.

"அன்னிக்கு வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"வராதுன்னு சொன்னா கஸ்டமரு மனசு நோகும் வேலு. நம்ம பக்கம் அப்படிப் பேசிப் பழக்கமில்லையே" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த மாதம் போன் எடுப்பதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். நல்ல பெண், குரலும் இனிமை. 'அரை மணி நேரமுங்க சார்' என்று அந்தப் பெண் சொன்னால் யாரும் நம்புவார்கள். அட்டாலியில் பேட்டரி அப்போதும் வைக்கவில்லை. கனெக்சன் மட்டும் இரண்டு மடங்கானது.

நான் அங்கிருந்து நின்றுவிட்டேன். இப்போது போன் லைன் பிராட்பேண்டுக்குக் காண்ட்ராக்ட்டில் ஃபால்ட் பார்க்கிறேன். எந்த கனெக்சன் எடுக்கலாம் என்று வீடுகளில் கேட்பார்கள். நான் சொல்வது இதுதான். விலையைப் பாருங்கள், வேகத்தையும் பாருங்கள். அதோடு, அந்த லைன் வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் நெட் நின்றிருக்கும் நாளாகப் பார்த்து, எப்போது வரும் என்று கம்பெனிக்காரர்களை அவரையே கேட்கச் சொல்லுங்கள். நாளைக்குத்தான் என்று எரிச்சலாகச் சொல்லி, நாளைக்கு வந்து நின்றால் அதை எடுங்கள். தம்பிகளுக்கும் அதேதான். இன்றைக்கு முடியாது என்றால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வார்கள்.

நான் அப்படித்தான் சொல்கிறேன். போன வாரம் ஒரு வீட்டில், "கேபிள் அறுந்திருக்குதுங்க, இன்னிக்கு ஆகாதுங்க, நாளைக்கு மத்தியானம் வர்றனுங்க" என்றேன். மரியாதை தெரியாத ஆள் என்று மேலே புகார் செய்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் சொன்னபடி போனேன். அவர்கள் வீட்டு ஜன்னலில் புதிதாகக் கேபிள்காரர்களின் நீல ஒயர் இறங்கியிருந்தது.

ஆடிப்பெருக்கு, 2009.