மொளகாக் கொல்லையில எறங்குன எக்ஸ்ரே பொட்டி

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். பரீட்சையே ஒழுங்கா எழுதாம பத்தாவதோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டுனவன், விஞ்ஞானிங்க குழுவுக்கு என்னத்த எழுதுறது? அந்தக் குழுவுல விஞ்ஞானியா இருக்க வாசுகி அக்கா விடல. புதுசா சேர்ற பிள்ளைகளுக்கு ஒம் பேச்சுலயே எழுதுடான்னு தெனமும் மெசேஜ். தொல்லை தாங்காம எழுதுறேன்.

குழு எதுக்குன்னா, வருங்காலத்துல விண்வெளிக்கு ஒரு எக்ஸ்ரே டெலஸ்கோப் போகப்போகுது. ஆஸ்பத்திரி மெசின் மாதிரி அது எக்ஸ்ரேய அடிக்காது. நட்சத்திரத்துல இருந்து வர்றத வாங்கும், அவ்வளவுதான். அந்த எக்ஸ்ரே தரை வரைக்கும் வராது, நடுவுல காத்து முழுங்கிரும். அதனால எக்ஸ்ரேயப் பிடிக்கிற டிடெக்டர ஒரு பொட்டிக்குள்ள வச்சு, பலூன்ல கட்டி ஒசரத்துக்கு அனுப்பி சோதிப்பாங்க. பலூன் வெடிச்சா பொட்டி பாராசூட்ல எங்கயாவது எறங்கும். ஒருக்கா காரங்காட்டு அலையாத்திக் காட்டுக்குள்ள எறங்குச்சு. அங்கன டூரிஸ்ட் படகு ஓட்டிக்கிட்டு இருந்த நான்தான் எடுத்துக் குடுத்தேன். எங்க குழுவுல சேர்றியான்னு அக்கா கேட்டாங்க. பிரியாணி உண்டான்னு கேட்டுட்டு சேந்துட்டேன். டிடெக்டர் செய்யிறது அக்கா, பொட்டி பொறுக்குறது நான்.

சேந்ததும் மொத வேலை முதுகுளத்தூர் பக்கம். ஜிபிஎஸ் காட்டுன எடத்துக்கு நானும் லோடு வண்டிக்கார முருகேசனும் போனா, மொளகாக் கொல்லையில ஊரே நிக்குது. பொட்டி வரப்போரமா கெடக்கு. பக்கத்துல ஜேசிபி குழி தோண்டுது.

கொல்லைக்காரரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு. "ஏலே, ஒங்க சாமானா இது? எக்ஸ்ரேன்னு எழுதியிருக்கு. எம் மருமக தொட்டுட்டா. அவளுக்கு ஏழு மாசம்."

மருமக செல்வி வேப்ப மரத்தடியில வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. செடி நசுங்குதேன்னு பொட்டிய வயித்தோட அணைச்சுத் தூக்கி ஓரமா வச்சிருக்கு. பெறகுதான் எழுத்தப் படிச்சிருக்கு. மாசமா இருக்கவங்க வரக்கூடாதுன்னு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம் கதவுல போட்டிருந்தது நெனப்பு வந்து, அப்பயிருந்து அழுகை. கதிரு வெளிய வராம புதைச்சிரணும்னு மாமனாரு ஜேசிபிய வரச் சொல்லிட்டாரு.

வாய் வரைக்கும் வந்த நக்கல முழுங்கிட்டேன். தள்ளிப் போயி அக்காவுக்குப் போன் போட்டேன். உள்ள ஒண்ணும் இல்லைன்னு சொல்லிரவான்னு கேட்டேன்.

"ஒண்ணு இருக்குடா. டிடெக்டர் சரியாப் பாக்குதான்னு சோதிக்க கடுகு மாதிரி ஒரு கதிரியக்க சோர்ஸ். அதோட கதிர் பொட்டி மூடியக்கூடத் தாண்டாது. ஆனா இல்லைன்னு சொல்லாத."

சொன்னா புதைச்சிருவாக, ஒங்க இத்தன வருச ஒழைப்பும் மண்ணுக்குள்ள போயிரும்னேன்.

"போனாப் போகுது. வயித்துல பிள்ளையோட இருக்க பொண்ணுகிட்ட பொய் சொல்லாத. மொதல்ல பொட்டி ஒடைஞ்சிருக்கான்னு பாரு. வண்டியில கதிர் அளக்குற மீட்டர் இருக்கு."

பொட்டியப் பொரட்டிப் பாத்தேன். ஒரு மூலை நசுங்கி இருந்துச்சு. நல்லவேளை, மூடியும் சீலும் அப்படியே இருந்துச்சு.

செல்விகிட்ட போயி உள்ளத உள்ளபடி சொன்னேன். கூட்டம் கொதிச்சிருச்சு. மாமனாரு கையக் காட்டுனாரு, ஜேசிபி கை பொட்டிப் பக்கம் திரும்பிருச்சு. மீட்டர ஆன் பண்ணி செல்வி கையிலயே குடுத்தேன். நான் வச்சுக் காட்டுனா நம்ப மாட்டீக, நீங்களே பாருங்கக்கான்னேன்.

மரத்தடியிலயே மீட்டர் டிக் டிக்னுச்சு. ஆளுக ரெண்டடி பின்னால போனாக.

"இங்கனயே கத்துதே தம்பி?" செல்வி கேட்டுச்சு.

"எங்கயும் கத்தும்க்கா. மண்ணு, கல்லு, வானம், எல்லாத்துலயும் கொஞ்சம் கதிரு இருக்கு."

செல்வி எந்திரிச்சு கொல்லையோரமா இருக்க அவுக வீட்டுக்குப் போச்சு. ஆட்டுக்கல்லுகிட்ட சத்தம் கொஞ்சம் கூடுச்சு. அங்கயிருந்து நேரா பொட்டியப் பாத்து நடந்துச்சு. மாமனாரு மறிச்சாரு, நிக்கல. பொட்டிய நாலு பக்கமும் சுத்தி, மீட்டர காதோட வச்சுக் கேட்டுச்சு. மரத்தடியில கேட்ட அதே சத்தம்தான். நம்பாம திரும்ப ஆட்டுக்கல்லுக்குப் போயி வந்துச்சு. ஜேசிபிக்காரன் இஞ்சின அணைச்சிட்டுப் பாக்குறான்.

கடைசில சொல்லுச்சு: "மாமா, இதப் புதைக்கிறதுன்னா ஆட்டுக்கல்லயும் சேத்துப் புதைங்க."

மாமனாரு சிரிக்கல. ஆனா குழிய மூடச் சொல்லிட்டாரு. டாக்டரம்மாகிட்டயும் கேட்டுக்கங்கன்னு வாசுகி அக்கா போன்லயே செல்வியோட ரொம்ப நேரம் பேசுனாங்க. இப்பப் பிள்ள பொறந்துருச்சு. மீட்டர விட நல்லாக் கத்துதாம்.

பொட்டி மேல எழுத்த மாத்தியாச்சு. உள்ள என்ன இருக்கு, எது வெளிய வராதுன்னு தமிழ்ல, பெரிய எழுத்துல. புதுசா சேர்றவங்களுக்கு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பயப்படுறவங்ககிட்ட உள்ளதச் சொல்லுங்க, மீட்டர அவங்க கையில குடுத்துருங்க.

அனுப்புறதுக்கு முன்னாடி சரியா இருக்கான்னு முருகேசனுக்குப் போட்டேன். பதில் வந்துச்சு:

"ஏலே, நீ வாயத் தொறந்து பொய் சொல்லாத ஒரே நாளு அதான்."