ஏழாற்றுப் பிரிவில் நூர்ந்த ஒலிம்பியா விளக்கு

நெடுந்தீவுக்கு முதல்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். அங்கே நெடுந்தீவு, வேலணை ஆகிய இரண்டு தீவுகளின் இளைஞர்களும் கூடி விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். எங்கள் வேலணை அணிக்கு என் அண்ணைதான் தலைவர்.

அண்ணைக்குக் கிரேக்கம் என்றால் பைத்தியம். அந்தக் காலத்து வீரர்கள் ஏமாற்றமாட்டோம் என்று தெய்வச் சிலைக்கு முன் சத்தியம் செய்ததையும், இந்தக் காலத்தில் அதே ஒலிம்பியாவில் பெண்கள் குழிந்த கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தீ மூட்டுவதையும் வாசிகசாலையில் படித்துவந்து சொல்வார். எங்கள் போட்டிக்கும் அப்படி ஒரு தீ வேண்டும், அதைப் பெண்பிள்ளைதான் மூட்டவேண்டும் என்றார். எட்டாம் வகுப்போடு நின்று, கடைக்குப் போகவே கூசுகிற நான் அகப்பட்டேன். வெள்ளி மத்தியானம் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேங்காய்த் தும்பில் தீ மூட்டி, அரிக்கன் லாம்பில் ஏற்றினேன். திடலை ஒழுங்குசெய்ய அண்ணை அன்றே நெடுந்தீவுக்குப் போய்விட்டார். லாம்பை நூராமல், தீ அணையாமல் கொண்டுபோவது என் பொறுப்பு. கிரேக்கர் மாற்று விளக்கும் வைத்திருப்பார்களாம். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

காலை ஆறரை பஸ்ஸில் சின்னம்மாவும் நானும் ஏறினோம். குறிகட்டுவான் துறைக்கு ஏறத்தாழ ஒன்பது மைல். ஆளுக்கு அறுபது சதம். "தங்கச்சி, விடிஞ்சு கனநேரம். லாம்பை நூத்துவிடும்" என்றார் கொண்டக்டர். பஸ் முழுதும் சிரித்தது. நான் தலை நிமிரவில்லை.

படகு எட்டு மணிக்கு. ஒரு ரூபாய், ஒரு மணிநேர ஓட்டம். டீசலுக்குப் பக்கத்தில் நெருப்போடு இருக்க ஏலாது என்று படகோட்டி என்னை முன்நுனிக்கு அனுப்பிவிட்டார். அலை முதலில் அறைவது அங்கேதான். இருபது நிமிடத்தில் ஏழாற்றுப் பிரிவு வந்தது. நீரோட்டங்கள் ஒன்றோடொன்று மோதுகிற இடம் அது.  சின்னம்மா முருகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, குனிந்து கடலில் சத்தி எடுத்தார். எங்கள் தலைக்கு மேலே ஓர் அலை எழுந்து நின்றதைக் கண்டேன். அடுத்து நான் கண்டது, என் இரண்டு கைகளும் பலகையைப் பிடித்திருந்ததைத்தான். லாம்பு காலடியில் உருண்டு, சிமினிக் கண்ணாடி உடைந்து, நூர்ந்து கிடந்தது.

கரையில் இறங்கியதும் சின்னம்மா படகோட்டியிடம் நெருப்புப்பெட்டி வாங்கித் திரியைக் கொளுத்தினார். "வாயைத் திறவாதை, பிள்ளை. நெருப்பிலை பேர் எழுதியோ கிடக்கு?" என்றார்.

துறை முடிவில் அண்ணை பந்தத்தோடு நின்றார். சுற்றிவர முப்பது பேராவது இருக்கும். கடலில் வந்த பயம் இதற்கு முன் ஒன்றுமில்லை. சிமினி எங்கே என்று கேட்டார். அலை அடித்துவிட்டது என்றார் சின்னம்மா.

"அலை இல்லை, அண்ணை. நான் பயத்திலை கையை விட்டனான். இது நெருப்புக்குச்சியிலை கொளுத்தினது."

அண்ணை குனிந்து லாம்பை ஊதி நூர்த்தார். பிறகு தீயில்லாத பந்தத்தைத் தூக்கிப் பிடித்தபடி, திடல்வரை ஒரு மைல் ஓடினார். கல்வேலி ஓரம் நின்றவர்கள், பந்தத்துக்குத் தடிமனோ, தும்முதோ என்று கேட்டுச் சிரித்தார்கள்.

போட்டி முடியும்வரை அவர் என் பக்கம் வரவில்லை. எங்கள் அணி வென்றதே கைதட்டலில்தான் எனக்குத் தெரியும். இனி என்னோடு பேசுவாரோ என்ற பயம்தான் எனக்கு.

திரும்பும் படகு பின்னேரம் மூன்று மணிக்கு. அப்போது காற்று இன்னும் கூடியிருந்தது. யாரோ வெற்றிக் கோப்பையை என் மடியில் வைத்துவிட்டார்கள். அந்த இடம் வந்து படகு சரிந்தபோது, இதையும் விட்டுவிடக்கூடாது என்று இரண்டு கையாலும் அதை இறுக்கிக்கொண்டேன். அண்ணை தவழ்ந்து வந்து பக்கத்தில் இருந்தார்.

"அதை விட்டிட்டுப் பலகையைப் பிடி, தங்கச்சி."

நான் விடவில்லை. அவரே அதைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, என் கைகளைப் பலகையில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டார்.

போகிறவர்கள் காற்று எழும்ப முன் காலைப் படகில் போங்கள். பின்பக்கம் இருங்கள். கையில் ஒன்றும் வைத்திருக்காதீர்கள். எனக்கு அந்தக் கடலை நினைக்க இன்னும் பயம்தான். கோப்பை நெளிந்துதான் வீடு வந்தது.