ஏழாம் காட்டு மண்ணும் ஆரோக்கியமும்

பிரிஞ்சாங் சந்தையில் கோஸ் வாங்கிக்கொண்டிருந்தபோது கோலா தெர்லா லோரிக்காரர் சொன்னார்: "ஒங்க பழைய கூட்டாளி ஆரோக்கியம் போயிட்டாரு, கிராணி. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க லா." எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை. கோஸை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மண் எடுக்கும் ஆரோக்கியத்தை நம் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. தேயிலைக் காடு காடாகப் போய், இரும்புக் குழாயை இறக்கி மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார். முடிவு வந்ததும் தமிழில் எழுதிக் கொடுப்பார். ஆபீஸ் கிராணியான நான் அதை இங்கிலீஷில் டைப் செய்து துரையிடம் வைப்பேன். மண்ணை முகராமல் பையைக் கட்டமாட்டார். "வாயிலயும் போட்டுப் பாருங்களேன்" என்று கேலி செய்வேன். "போட்டாச்சு. ஒங்க ஆபீஸ் கோப்பிக்கு எவ்வளவோ தேவல" என்பார்.

எழுபதுகளின் கடைசியில், நாம் குடியிருந்த லயன் வீடுகளை ஒட்டிய ஏழாம் காட்டில் கொழுந்து குறைந்தது. காட்டுக்கு வயதாகிவிட்டது, மண்ணில் சத்தில்லை, செடிகளைப் பிடுங்கிவிடலாம் என்றார் துரை. பிடுங்கினால் அங்கே கொழுந்தெடுத்த பெண்களுக்கு வேலை போய்விடும். ஆரோக்கியம் விடவில்லை. ஏழாம் காட்டை நட்ட அதே வருஷத்தில் நட்ட பதினோராம் காடு ஆற்றுக்கு அப்பால் இருந்தது. அங்கும் போய் மண் எடுத்தார். அது கறுத்துப் பொலபொலவென்று இருந்தது, சத்தும் குறையவில்லை. அங்கே கவாத்து வெட்டிய குச்சியும் இலையும் விழுந்த இடத்திலேயே மக்கின. ஏழாம் காட்டுக் குச்சியை நம் லயன் அடுப்புகள் வருஷக்கணக்காக எரித்துக்கொண்டிருந்தன.

"மண்ணுக்கு வயசாகல கிராணி, பசிக்குது. அது சோத்த நாமதான் அள்ளிக்கிட்டு வந்துட்டோம்" என்றார்.

காடு தப்பியது. ஆனால் குச்சி எடுக்கத் துரை தடை போட்டார். மழை மாதத்தில் பிள்ளைகளுக்கு வெந்நீர் வைக்கக்கூட விறகில்லை. "துரைக்குப் போட்டுக் குடுத்தவன்" என்று ஆரோக்கியத்தின் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் மனைவி குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தோடு நகர்ந்தார்கள். உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். மறு வருஷம் அவர்கள் கோலா தெர்லாவுக்குக் காய்கறித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள்.

உங்களிடமாவது இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் கொடுத்த தாளின் கடைசியில் ஒரு வரி இருந்தது: "குச்சியை நிறுத்துவதற்கு முன் லயனுக்கு வேறு விறகு கொடுக்க வேண்டும்." துரை முகம் சுளிப்பார் என்று பயந்து நான் அதை டைப் செய்யாமல் விட்டேன்.

சாமான்களை லோரியில் ஏற்றிய அன்று, "அந்தக் கடைசி வரிய டைப் பண்ணீங்களா?" என்று ஒரே தடவை கேட்டார். நான் குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கினேன். "சரி விடுங்க. ஒங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார். கடைசிவரை என்னை அவர் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட இத்தனை வருஷம் இப்படி வலித்திருக்காது.

அவர் கையெழுத்தில் அந்தத் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவர் வீட்டம்மாவிடம் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடலாமென்று, செய்தி கேட்டபின் இரண்டு தடவை பஸ்ஸுக்குப் போய் நின்றேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.